கான்புரி நீலம்

பாக்கியலட்சுமி முந்தானை முடிச்சை அவிழ்த்து, நீல மணி மாலையை மேசைமேல் வைத்தாள்.

"கல்லா, கண்ணாடியான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்கண்ணே."

மாணிக்கவாசகம் சயாமுக்குப் போய்க் கற்கள் வாங்கி வந்து விற்பவர். மலாக்காவுக்கு வந்தால் காஜா பெராங்கில் இந்தப் பத்தர் கடையில்தான் உட்காருவார். மலாயா சுதந்திரத்துக்குக் கட்டிய கொடி இன்னும் கடை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே, வெயிலுக்கு ஒதுங்கி, அவள் மகள் மல்லிகா நின்றிருந்தாள்.

மல்லிகாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

பரிசம் போட வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா மாலையைத் தொட்டுப் பார்த்து, கல்யாணப் பொண்ணு கழுத்துல கண்ணாடி மணியா என்று சிரித்துவிட்டாள். மல்லிகா அன்று சாப்பிடவில்லை. அது அவள் அப்பாவின் மாலை.

சப்பான்காரன் காலத்தில், அரிசி மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் சுப்பையனை லாரியில் ஏற்றி சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். சண்டை முடிந்த பிறகு ராஜரத்தினம் என்ற ஆள் மட்டும் வந்தான். சுப்பையன் கான்புரி முகாமில் காலராவில் செத்துப்போனான் என்றான். சாகும்போது அவன் மடியில் இருந்தது என்று மாலையைக் கொடுத்தான். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

பாக்கியலட்சுமி தாலியைக் கழற்றினாள்.

கப்பிக் கல்லும் தாரும் சுமந்து ரோடு போட்டாள். ஆடி அமாவாசை தவறாமல் அவனுக்கு இலை போட்டுப் படைத்தாள். மில்லில் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தி, நல்ல மனிதர், கட்டிக்கொள்கிறேன், மல்லிகாவையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டார். சாகிற நேரத்திலும் என்னை நினைத்தவர் என்று இந்த மாலையைக் காட்டித்தான் அவரைத் திருப்பி அனுப்பினாள்.

மாணிக்கவாசகம் ஒரு மணியை எடுத்து வெள்ளைக் கூழாங்கல்லில் அழுத்தி இழுத்தார். கூழாங்கல்லில் கோடு விழுந்தது. மணியில் ஒன்றுமில்லை.

"கண்ணாடியா இருந்தா மணிதான் தேஞ்சிருக்கும். இது குருந்தம் தங்கச்சி. கத்தி தீட்டுற சாணையில அரைச்சுப் போடுறாங்களே, அதே கல்லு. அதுல இப்படி நீலம் ஓடிட்டா நகையாயிடுது. அசல் கான்புரி நீலம்."

அவளுக்குக் கண் நிறைந்தது. வாசலைப் பார்த்தாள். இப்போதே ஓடிப்போய் மல்லிகாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

மாணிக்கவாசகம் மாலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மணிகளின் துளையைப் பார்த்தார். பார்த்தவர் சிரித்தார்.

"அட, இது நம்மாளு வேலைலா!"

"யாரு?"

"கான்புரியில நீலக்கல் தோண்டுற குழியில ஒரு தமிழரு இருக்காரு, மலாயாக்காரரு. ரயில் வேலைக்குப் போனவரு, முகாம விட்டு ஓடிப்போயி குழிக்காரங்க வீட்ல ஒளிஞ்சுக்கிட்டாராம். அப்புறம் அந்த வீட்டுப் பொண்ணையே கட்டிக்கிட்டாரு. மணிக்குத் துளை போடுறதுதான் தொழிலு. எல்லாத் துளையும் ஒரு பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க. இடது கையில சுண்டு விரல் கிடையாது அவருக்கு, பிடி நிக்காது."

அவர்கள் கல்யாணத்துக்கு முந்திய வருடம் மில் பெல்ட்டில் சிக்கி சுப்பையனின் இடது கைச் சுண்டு விரல் போயிருந்தது. அந்தக் கையோடுதான் தாலி கட்டினான்.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லாருக்காரா?"

"ரொம்ப நல்லாருக்காரு. மூணு பிள்ளைங்க. முதன்முதலா செஞ்ச மாலைய, சண்டை முடிஞ்சு ஊருக்குத் திரும்புன ஒருத்தர்கிட்ட குடுத்து அனுப்பினாராம். மலாக்காவுல யாரோ தெரிஞ்சவங்க இருக்காங்களாம்."

யாரோ தெரிஞ்சவங்க.

கண்ணாடியாக இருந்திருந்தால், அவளுக்கு அவன் செத்தவனாகவே இருந்திருப்பான்.

அவள் முகத்தைப் பார்த்து மாணிக்கவாசகத்தின் சிரிப்பு மெல்ல நின்றது. "உங்களுக்கு வேண்டியவரா தங்கச்சி? நான் மறுபடி போவேன். ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்லண்ணே. சயாம்ல எனக்கு யாரும் இல்ல."

மாலையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. மல்லிகா ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்னம்மா சொன்னாரு?"

சொல்லலாம். மூன்று பிள்ளைகள் என்பதையும் சேர்த்தே சொல்லலாம்.

"கண்ணாடிதானாம்."

மல்லிகாவின் உதடு துடித்தது. பிறகு அம்மாவின் கையிலிருந்து மாலையை எடுத்துக் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"இருந்தா இருக்கட்டும். இதத்தான் போட்டுக்குவேன், யாரு சிரிச்சாலும் சரி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம்மா அப்பா. கல்லுன்னு சொல்லி யாரோ அவர நல்லா ஏமாத்தியிருக்காங்க."

பாக்கியலட்சுமி கொக்கியை மாட்டிவிட மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். மாட்டிய பிறகும் முன்னால் வரவில்லை.