பன்னிரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்தைந்தாவது கதவு

கதவு திறந்து கிடந்தது. திரையில் 12345 என்ற எண்ணுக்கு எதிரே 'ஓப்பன்' என்று விழுந்ததும், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்த கதிரேசனுக்குக் குப்பென்று வியர்த்தது.

ஒரு கம்ப்யூட்டருக்கு ஆயிரக்கணக்கில் கதவுகள் உண்டு; போர்ட் என்பார்கள். வெளியில் இருந்தே அவற்றைத் தட்டிப் பார்த்து, எது திறந்திருக்கிறது என்று சொல்லும் புரோகிராம் அவனுடைய காந்திபுரம் சர்வீஸ் கடையில் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியது, சோமனூர் ரங்கராஜின் தறி ஆபீஸ் கம்ப்யூட்டரை.

காலையில் அவர் போனில் கத்தியிருந்தார். பின்னால் தறிகள் தடதடத்ததில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த பாதி இதுதான்:

"டவல் ஆர்டருக்கு நான் குடுக்கற ரேட்டு, அடுத்த நாளே எதிராளிக்குத் தெரியுதுங்க! கம்ப்யூட்டர மாட்டிக் குடுத்தது நீங்க ஒருத்தருதான். சாயங்காலத்துக்குள்ள திருடனக் காட்டோணும். இல்லீன்னா ஸ்டேசன்ல உங்க பேரத்தான் எழுதிக் குடுப்பேன்!"

"புடிச்சரலாமுங்ணா. ஃபேக்ஸ் லைன்ல இன்டர்நெட்ட டயல் பண்ணிப்போட்டு, உங்க கம்ப்யூட்டருக்கு இப்ப விழுந்திருக்கிற நம்பரப் படிங்க. லைனை மட்டும் கட் பண்ணீராதீங்க. அந்த நம்பரு டவுன் பஸ் சீட்டு மாதிரி. நீங்க எந்திரிச்சா அடுத்தவன் உக்காந்துக்குவான்."

அவர் படித்த எண்ணைத்தான் இப்போது தட்டியிருந்தான்.

12345 தானாகத் திறக்கிற கதவு அல்ல. யாரோ ஒரு திருட்டுப் புரோகிராமை உள்ளே நுழைத்திருந்தால்தான் திறக்கும். அதே கதவு வழியாகப் போய்ப் பார்க்கிற புரோகிராம் கதிரேசனிடமும் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது.

உள்ளே போனான். அங்கே யாரோ மளமளவென்று டைப் செய்துகொண்டிருந்தார்கள். ரங்கராஜ் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறவர்!

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பினான். "யார்டா நீ? மரியாதையா வெளிய போ. போலீசுக்குச் சொல்லியாச்சு."

பதில் உடனே வந்தது. "நீங்க யாரு? இது எங்க கம்ப்யூட்டர். பயமா இருக்கு. ப்ளீஸ், போயிருங்க."

"எங்க கம்ப்யூட்டராமா? கொழுப்பப் பாரு!" என்று பல்லைக் கடித்தான் கதிரேசன்.

'புராஜெக்ட்' என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது. ரங்கராஜுக்கு அவன் போட்டுக் கொடுத்ததில் அப்படி ஒன்று கிடையாது. திருடன் கட்டி வைத்திருக்கும் மூட்டை! அழிக்கத் தொடங்கினான். "ஐயோ, அத மட்டும் வேண்டாம்" என்று திரையில் கெஞ்சல் வந்தது. படித்துக்கொண்டே மீதியையும் அழித்தான்.

அழித்த பிறகுதான் பயம் இன்னும் ஏறியது. ஆத்திரத்தில் திருடன் ரங்கராஜின் கம்ப்யூட்டரையே துடைத்துவிட்டால்? கடை போன் லைனில் இன்டர்நெட்டுக்கான மோடம் மாட்டியிருந்தது. ரிசீவரை எடுத்தால் இணைப்பு அறுந்துவிடும். பக்கத்து எஸ்டிடி பூத்துக்கு ஓடினான்.

"சொந்தமா போன வெச்சுக்கிட்டு என்ர கடைக்கு ஓடியாறீங்க? பேயக் கீயப் பாத்தீங்களா?" என்றார் பூத்துக்கார ஷாஹுல் பாய்.

"அதவிட மோசமுங்க பாய்!"

முதல் மணியிலேயே எடுத்தார் ரங்கராஜ். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "ஏனுங்க தம்பி, உங்களுக்கு எத்தன தடவதான் போன் பண்றது? எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு!"

"அண்ணா, திருடனப் புடிச்சுப்போட்டனுங்க! உங்க கம்ப்யூட்டருக்குள்ளதான் உக்காந்திருக்கறான். அவன் சேத்து வெச்சதையெல்லாம் சுத்தமா அழிச்சுட்டேன். மொதல்ல இன்டர்நெட் லைனைப் புடுங்குங்க!"



"எதப் புடுங்கறதுங்க? நீங்க நம்பர வாங்கிட்டு போன வெச்ச கையோட கட்டான கரண்டு, இன்னும் வரவே இல்லீங்களே!"