தண்ணீர் என்ன சாப்பிட்டது

உலகில் இதுவரை எந்த மத்தி மீனும் என்னிடம் பொய் சொன்னதில்லை.

வயிற்றைக் கீறி, உள்ளிருக்கும் கூழைச் சிறு குழாயில் எடுத்து, அதன் டிஎன்ஏவைப் படித்தால் போதும். மீன் தின்ற ஒவ்வொரு மிதவை உயிரியும் பெயரோடு வந்து கைகட்டி நிற்கும்.

எங்கள் ஆய்வகத்து அக்காவுக்கு மட்டும் இது போதாது. என் நாற்பது மீன் குழாய்களோடு நாற்பத்தொன்றாவதாக ஒரு குழாயில் வெறும் தண்ணீரை ஊற்றி, அதற்கும் எண் ஒட்டி, சோதனைக்கு அனுப்பிவைப்பார்.

"தண்ணி என்ன சாப்பிட்டுச்சுன்னு தெரியாம உங்களுக்குத் தூக்கம் வராதாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா எண் சீட்டை ஒட்டி முடித்தார்.

மீன்களின் முடிவு முதலில் வந்தது. நாற்பதில் முப்பத்தேழு வயிற்றில் மிதவைப் பாசி, பொடி இறால் குஞ்சு, கூடவே கோழி.

கோழி!

கடலியல் இனி எனக்கு முன், எனக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும். கப்பல் சமையலறைக் கழிவு, நீரோட்டம் என்று ஒரே மூச்சில் பதினொரு பக்கம் விளக்கம் எழுதினேன். பேராசிரியர் முதுகில் தட்டினார். அவர் யார் முதுகையும் தட்டியதாக வரலாறு இல்லை. வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் டாக்டர் பட்டம். ஐந்து வருடமாக "இன்னுமா படிக்கிறே?" என்று கேட்கும் மாமாவின் வாய்க்குப் பூட்டு.

வியாழக்கிழமை அக்கா ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"உன் மீனை விடுப்பா. என் தண்ணியும் கோழிதான் சாப்பிட்டிருக்கு."

பேராசிரியருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் போவதில்லை. தண்ணீரின் சாப்பாட்டை யார் விசாரிப்பார்கள்?

தாளை நாலாக மடித்துப் பையில் போட்டேன். 'தப்பு' என்ற சொல் என் வாயிலிருந்து வராது. இன்றுவரை வரவில்லை. தண்ணீர் கோழி தின்றால், அது தண்ணீரின் ஒழுக்கப் பிரச்சினை.

வெள்ளிக்கிழமை காலை, ஆய்வேடு எங்கே என்று கேட்கப் பேராசிரியர் மூன்று முறை போன் செய்தார். கையுறை மாட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லை.

ஐந்து வருடமாக என் ஆய்வு மேசையிலேயே திறந்துகிடந்த டிபன் டப்பா, அம்மா வறுத்துக் கொடுத்த கோழியோடு, முதல்முறையாக வெளியே படிக்கட்டில் இருந்தது.

உறைபெட்டியிலிருந்து எடுத்த புது மத்திகளில் நாற்பதாவதையும் கீறி முடித்தேன். சுற்றும் முற்றும் பார்த்தேன். இன்னொரு குழாயை எடுத்துத் தண்ணீரை ஊற்றினேன். நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டினேன்.

அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டதும், அதை மீன்களுக்கு நடுவே தள்ளிவைத்தேன்.