வானம் ஏன் ஊதாவாக இல்லை?

“தெரிஞ்சவங்க வலது கையைத் தூக்குங்க. தெரியாதவங்க இடது கையைத் தூக்குங்க. ஆனா எல்லாரும் தூக்கணும், புரியுதா?”

“புரியுது மெங் டீச்சர்!” என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது. பல்கலைக்கழகத்தின் ‘புதுமை ஆசிரியர்’ விருதுக்கான போட்டி வகுப்பு தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. யார் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதுகூட ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

இங்கே விருது வாங்கிய வகுப்புகள் எல்லாமே இப்படிச் சமைத்து இறக்கியவைதான். மெங் ரூயின் மட்டும் யோக்கியமாக நடந்துகொண்டால் வேலை போய்விடும். ஆறு வருட ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஆராய்ச்சிக் கட்டுரை எழுத வேண்டிய நேரத்தையெல்லாம் பாடம் நடத்தியே தொலைத்தவளுக்கு, நிரந்தர வேலைக்கு மிச்சம் இருந்த ஒரே வழி இந்த விருது.

அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த தாவ் யூஃபென்னுக்கும் அதே நிலைமைதான். அவள் தன் கணக்கு வகுப்பைக் காலையிலேயே நடத்தி முடித்துவிட்டாள். இப்போது ரூயினின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“என்னோடது சொதப்பிடுச்சுடி. ஒரு நடுவர் கொட்டாவியே விட்டுட்டாரு. நீயாவது வாங்கு.”

“எனக்கு நம்பிக்கையே இல்லக்கா.”

“உனக்கென்னடி? ஒரு பிள்ளை சந்தேகம் கேட்டுட்டா, அதுக்குப் புரியற வரைக்கும் நீ சாப்பிடக்கூடப் போக மாட்டே. அந்தக் குணத்துக்கே குடுக்கலாம் விருது.”

ரூயினுக்குக் கண் கலங்கியது. அக்கா இல்லாவிட்டால் இந்த ஊரில் தனக்கு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

நடுவர்கள் தேநீர்க் குவளைகளோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். இருபது நிமிடம்தான் நேரம். மணி அடித்த பிறகு என்ன செய்தாலும் மதிப்பெண் கிடையாது.

கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ரூயின் சில சொட்டுப் பாலை விட்டாள். அலைநீளம் குறைந்த ஒளி ஏன் அதிகமாகச் சிதறுகிறது என்று விளக்கினாள். கைகள் உயர்ந்தன. வலது கை தூக்கியவர்களிடம் மட்டும் அவள் பதில் கேட்டாள். நடுவர்கள் திருப்தியாகக் குறித்துக்கொண்டார்கள்.

கடைசி வித்தை மட்டும்தான் பாக்கி. ஜன்னல் திரையை இழுத்து, விளக்கை அணைத்து, தொட்டிக்குள் டார்ச் அடிக்க வேண்டும். பக்கவாட்டில் பகல் வானம் போல நீலம் தெரியும், மறுமுனையில் அந்திச் சிவப்பு தெரியும். விருதே அதில்தான் இருந்தது. அவள் சுவிட்சில் கை வைத்தாள்.

“டீச்சர், ஒரு சந்தேகம்.”

பின்வரிசையில் பான் யுன் எழுந்து நின்றாள். வருகைப் பதிவுக்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத பெண் அவள். ஒத்திகையில் அவளுக்கு ஒரு வரிகூடக் கிடையாது.

“நீலத்தை விட ஊதாவுக்குத்தான் அலைநீளம் கம்மி. அதுதானே இன்னும் அதிகமா சிதறணும்? அப்ப வானம் ஏன் ஊதாவா இல்ல?”

‘அப்புறம் சொல்றேன், உட்காரு’ என்று சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்ல வாய் வரவில்லை. ரூயின் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

மேடையிலிருந்து இறங்கி மாணவர்கள் நடுவே போனாள். சூரியன் ஊதாவைக் குறைவாகத்தான் தருகிறது, நம் கண்ணுக்கும் ஊதா அவ்வளவாகப் பிடிபடாது என்றாள். “அப்ப நிஜமான வானத்தை நாம பார்க்கறதே இல்லையா?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருத்தி அவனோடு சண்டைக்குப் போனாள். எந்தக் கையைத் தூக்குவது என்பது எல்லோருக்கும் மறந்துபோனது. ரூயினும் சந்தோஷத்தில் நேரத்தை மறந்தாள்.

மணி அடித்தது. தொட்டியில் வெறும் பால் கலந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

மாலையில் டீன் முடிவை வாசித்தார். மெங் ரூயினுக்கு வகுப்பைக் குறித்த நேரத்தில் முடிக்கத் தெரியவில்லை, புதுமை என்று எதுவும் கண்ணில் படவில்லை என்றார். விருது தாவ் யூஃபென்னுக்குப் போனது.

யூஃபென் மேடையிலிருந்து இறங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “இது உனக்கு வர வேண்டியதுடி.”

“உனக்கு வந்ததே எனக்குப் போதும்க்கா,” என்று ரூயின்தான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது. 

கூட்டம் கலைந்ததும், வகுப்பு நடந்த ஆய்வகத்துக்குப் போய்த் தொட்டித் தண்ணீரைக் கொட்டினாள். இந்த வயதுக்கு மேல் வேறெந்தப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தோன்றவில்லை. திரும்பினால் வாசலில் பான் யுன் நின்றிருந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது.

“என்னாலதானே டீச்சர்…”

“ச்சே, அழாதேம்மா. வேலை போச்சுதான். வீட்டுல எப்படிச் சொல்லப்போறேன்னு தெரியல. ஆனா ஒண்ணு சொல்லட்டா? இத்தனை வருஷமா எல்லாரும் பரீட்சைக்கு வருமான்னுதான் எங்கிட்ட சந்தேகம் கேட்டாங்க. தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்பட்டுக் கேட்டவ நீ ஒருத்திதான். நான் இங்க இருந்ததுக்கு அதுவாவது மிச்சம்.”

பான் யுன் தலை நிமிரவில்லை.

“எனக்குத் தோணின கேள்வி இல்ல டீச்சர். தாவ் டீச்சர் நேத்து மனப்பாடம் பண்ண வெச்சாங்க.”