போய்ட்டு வரேன்

துருவக் கடலில் மிதந்த பனிப்பாளம் ஒன்று, கரையிலிருந்து அள்ளிவந்த கூழாங்கல்லை மடியில் வைத்திருந்தது. கோடை முற்றியது. பனி உருகி மெலிந்து, “போய்ட்டு வரேன், கண்ணு” என்றது. கல் நழுவிக் கடலடிச் சேற்றில் விழுந்தது.

அங்கே பாதி புதைந்திருந்த பழைய கல் கேட்டது: “என்ன சொல்லிட்டுப் போச்சு?”

“போய்ட்டு வரேன்னு.”

“என்கிட்டேயும் அதேதான். அப்புறம் மூணு தடவை பனியுகம் வந்து கடல் முழுக்க உறைஞ்சு உருகுச்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் கல் விழுந்துச்சு. கூட்டிட்டுப் போகத்தான் யாரும் வரலை.”

“என் பனி வரும், அக்கா.”

“வரட்டும். இப்போ தள்ளிப் படு. அடுத்தவ வந்து விழ இடம் வேணும்.”

புதுக் கல் தள்ளிப் படுத்தது. பல்லாயிரம் ஆண்டுகள் அங்கிருந்த கற்கள் எல்லாம் மேலேயே பார்த்துக் கிடந்தன. கடல் மறுபடி உறையவே இல்லை; விட்ட இடத்தில் எந்தக் கல்லும் விழவில்லை. வெளிச்சம் மட்டும் விழுந்தது.