இருபத்து மூன்றாவது குப்பி

கையுறையைக் கழற்றாமலேயே தில்லை போனை எடுத்தாள்.

"பிடிச்சிருக்குங்க" என்றார் எபனேசர்.

மூலக்கூறைத்தான் சொல்கிறார். தெரியும்.

ஆனாலும் காது மடல் சுட்டது.

நுரையீரலில் குடியேறும் ஒரு கிருமி. அங்கிருக்கும் சர்க்கரையை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் விடாது. அதற்கு முன்பே அதைப் பிடித்துவிட ஒரு மூலக்கூறு வேண்டும். மரம்போலக் கிளை பிரிந்து, நுனிதோறும் அதே சர்க்கரையை ஏந்தியபடி.

கோயம்புத்தூரில் அவள் அதை உருவாக்கினாள். வேலூரில் எபனேசர் சோதித்தார்.

ஒரு கிளை வைத்தாள். கிருமி நழுவியது. இரண்டு. நான்கு. கிளை நீண்டால் தொய்ந்தது; குறுகினால் எட்டவில்லை.

நான்கு வருடம். கூரியரில் இருபத்திரண்டு குப்பிகள். இருபத்திரண்டு முறை அவர் போன் செய்து, "ஒட்டலைங்க மேடம்" என்றார்.

சொல்லிவிட்டு உடனே வைத்துவிட மாட்டார்.

வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்வார். மனைவி இறந்த பிறகு தானே கற்றுக்கொண்ட ரசத்தைப் பற்றி. அவள், தான் மட்டும் இருக்கும் ஃப்ளாட்டின் ஜன்னலில் கூடு கட்டிய புறாவைப் பற்றிச் சொல்வாள். ஒருமுறை இருவரும் எதுவும் பேசாமல் மழை விடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேலூர் மழை.

முகம் பார்த்தது ஒரே ஒரு கருத்தரங்கில். அதுவும் மூன்றாவது வரிசையிலிருந்து.

குப்பியை மூடும்போதெல்லாம், இதாவது பிடிக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். அவர் போனை வைத்த பிறகு, பிடிக்காமல் போனதில் தனக்கு அத்தனை வருத்தம் இல்லை என்று கண்டு வெட்கப்படுவாள்.

இந்த முறை ஆறு கிளை.

"கழுவிக் கழுவிப் பார்த்துட்டேன். விடவே இல்லை. இனி எலிச் சோதனைதான். அதைப் புனேக்காரங்க பார்த்துப்பாங்க. நம்ம வேலை முடிஞ்சுது, தில்லை."

முதல் முறையாக, மேடம் இல்லாமல்.

பக்கத்தில் நின்ற மாணவி இவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கை தட்டினாள். ஆய்வகம் முழுக்கக் கை தட்டல் பரவியது.

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு தடவை பிடிச்சாப் போதுமா? இன்னொரு தடவை பார்க்க வேண்டாமா?"

"பார்க்கணும்தான்."

"நானே கொண்டுவரேன்."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஒலி மட்டும்.

பிறகு எபனேசர் கேட்டார்.

"காட்பாடி ஸ்டேஷனுக்கு வண்டி எத்தனை மணிக்கு வரும்?"