டிரிப் ஏறட்டும்

"பிரேக்லேர்ந்து காலை எடுங்கம்மா, வண்டி உள்ளே போகணும்!"

"எடுக்க மாட்டேன். அவருக்கு டிரிப் போட்டாச்சா? அதை முதல்ல சொல்லுங்க."

ஸ்ட்ரெச்சரின் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்புதான். ஆனால் வார்டு உதவியாளர் முக்கி முக்கித் தள்ளியும் வண்டி அசையவில்லை. படுத்திருந்தவருக்கு வலது காலில் ரத்தக்குழாய் அடைத்து, கட்டைவிரல் நீலம் பாரித்திருந்தது. அடைப்பை எடுக்கத்தான் தியேட்டருக்குக் கொண்டுபோகிறார்கள்.

"டிரிப் எல்லாம் தியேட்டர்ல போடுவாங்க" என்றாள் நர்ஸ்.

"அங்க கேட்டா, வார்டுலயே போட்டிருப்பாங்கன்னு சொல்றாங்க. நீங்க அவங்களைக் கைகாட்டுறீங்க, அவங்க உங்களைக் கைகாட்டுறாங்க. நேத்து ராத்திரியிலேர்ந்து மனுஷன் தொண்டையில ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. இந்த வறண்ட உடம்புல, படம் பிடிக்கிறதுக்குன்னு சாய மருந்தை ஏத்தினா கிட்னி என்னத்துக்கு ஆகும்?"

"விட்டுடேன், மானம் போகுது" என்று முனகினார் படுத்திருந்தவர்.

"நீங்க வாயைத் திறக்காதீங்க!" தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு மாத்திரை அட்டையை உருவினாள். "பாருங்க, கால்வலிக்குன்னு யாருக்கும் தெரியாம இதை வேற முழுங்கியிருக்கார். இதுவும் கிட்னிக்கு எமன்!"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சத்தம் கேட்டு டாக்டரே வெளியே வந்துவிட்டார். "என்னம்மா கலாட்டா? காலைக் காப்பாத்த வேண்டாமா?"

"தாராளமா காப்பாத்துங்க. ஆனா காலுக்காகக் கிட்னியைப் பலி கொடுக்க விட மாட்டேன். போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்."

உள்ளுக்குள் அவளுக்குப் பயம்தான். இருந்தாலும் பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தாள்.

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். முகம் மாறியது. "காலையில ஆறு மணிக்கே டிரிப் ஏத்தச் சொல்லி எழுதியிருக்கேனே!"

நர்ஸ் உதவியாளரைப் பார்த்தாள். உதவியாளர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இந்தம்மா சொல்றதுதான் சரி" என்றார் டாக்டர். "மூணு மணி நேரம் டிரிப் ஏறட்டும். அதுவரைக்கும் விரல் தாங்கும்."

"சாயம்?"

"தொடை வரைக்கும் சாயத்துக்குப் பதிலா கரியமில வாயுவை வெச்சே படம் எடுத்துடறேன், அது கிட்னியை ஒண்ணும் பண்ணாது. முழங்காலுக்குக் கீழதான் சாயம், அதுவும் கொஞ்சூண்டு. போதுமா?"

"போதும்" என்று பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள்.

நர்ஸுக்கே மனசு இளகிவிட்டது. "இப்படி ஒரு பொண்டாட்டி கிடைக்கக் கொடுத்து வெச்சிருக்கணும் சார்" என்றபடி படிவத்தை அவளிடம் நீட்டினாள். "மனைவின்னு போட்டிருக்கிற இடத்துல கையெழுத்துப் போடுங்கம்மா."

"மனைவி கீழே கேன்டீன்ல காபி குடிச்சிட்டிருக்கா. அவகிட்ட வாங்கிக்கோங்க."

நர்ஸ் திருதிருவென விழித்தாள். "அப்போ நீங்க?"

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இவர் உதறிட்டுப் போன பொண்டாட்டி. போனவர் சும்மா போகல, நான் கொடுத்த கிட்னியையும் வயித்துக்குள்ள வெச்சு எடுத்துட்டுல்ல போயிட்டார்!"