மாட்டுக் கடன்

கடைசித் தவணையைப் பாயில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

ஆயிரத்து எண்ணூறு. அதோடு கடன் முடிந்தது.

இனிமேல்தான் பாடு.

அந்த மகளிர் குழுவில் ஒரு வழக்கம். கடனை அடைத்தவள் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எதற்கு வாங்கினாள், என்ன வந்தது, லாபமா நட்டமா. அதைக் கேட்ட பிறகுதான் அடுத்தவளுக்குப் பணம். ஒருத்தி கட்டாமல் விட்டால் மற்றவர்கள் தலையில்தானே விடியும். அந்தப் பயம்.

அடுத்தவள் ராக்கம்மா. எதிரே உட்கார்ந்து முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் மகளுக்கும் இவள் படித்த அதே கல்லூரி, அதே படிப்பு வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும்.

“ம், சொல்லுத்தா,” என்றாள் தலைவி குருவம்மா. “மாட்டுக் கணக்கைச் சொல்லு.”

பால்வாடிக் கூடமே சிரித்தது.

மாடு என்றால் மாடு இல்லை, கண்ணுகளா. படிப்பு.

முப்பத்தாறு வயதுப் பட்டாசு ஆலைக்காரி சமுதாயக் கல்லூரியில் தகவல் தொடர்பு படிக்கப் போகிறாள் என்று எழுதினால் எந்த வங்கி கொடுக்கும்? குழுவில் எல்லோரும் சேர்ந்து மனுவில் கறவை மாடு என்று எழுதினார்கள். பக்கத்து வீட்டுச் சங்கரேஸ்வரியின் மாட்டைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றாள். அது அவள் சேலையை நக்கிக்கொண்டே நின்றது.

அன்றையிலிருந்து சங்கரேஸ்வரிக்கு இதே வேலை.

“என்ன மதினி, உன் மாடு சினை பிடிச்சிருச்சா?”

பரீட்சைக்குப் போகிற அன்றும் கேட்டாள். வேலை கிடைத்த அன்று, கன்று போட்டாச்சு என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

கடனை அடைத்தவள் தொண்டையைச் செருமினாள். பெரியாஸ்பத்திரியில் நாள் முழுக்கப் பேசுகிற வாய். வருகிறவர்களுக்கு வழி சொல்வதும், டாக்டர் சொன்னதைப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வதும்தான் அங்கே அவள் வேலை. இங்கே வெறும் எண்தான் வந்தது.

“வாங்கினது ஐம்பதாயிரம். வட்டியோட கட்டினது ஐம்பத்தெட்டு.”

“சம்பளம்?”

“ஒன்பதாயிரம்.”

“ஆலையிலேயே இருந்திருந்தா?” கேட்டது சங்கரேஸ்வரி.

ராக்கம்மா இவளையே பார்த்தாள்.

ஒரு பொய் சொல்லலாம். ஆலைக் கூலியைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் போதும். ஒரு பிள்ளை படித்துவிடும்.

ஆனால் இவர்களிடமா பொய் சொல்வது?

படிக்கப் போன வருசம், தீபாவளி முடிந்து ஆலை திறக்க நாளாகிவிட்டது. அங்கேயே வேலை பார்த்த வீட்டுக்காரருக்கும் கூலி இல்லை. இரண்டு தவணை நின்றுபோனது. ஒருத்தியும் வாசலுக்கு வந்து கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனால், பாக்கியே இல்லை. கட்டியாகிவிட்டது. யார் எவ்வளவு போட்டார்கள் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

அந்த இரண்டு மாதமும் சங்கரேஸ்வரி வீட்டுப் பிள்ளைகள் கடுங்காப்பி குடித்தார்கள். மாடு இருக்கிற வீட்டில், பாலையெல்லாம் விற்றுவிட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரியாதா?

அதை வரவில் சேர்ப்பதா, கடனில் சேர்ப்பதா என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

“ஆலையில இருந்திருந்தா பன்னிரண்டு வந்திருக்கும்,” என்றாள். “படிச்ச ரெண்டு வருசக் கூலியும் போச்சு. நட்டந்தான்.”



ராக்கம்மா முந்தானையை விட்டுவிட்டாள். முறுக்கு தானாகவே மெல்ல அவிழ்ந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா. டாக்டர் சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு, வெளியே வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டது. என்ன தாயி சொன்னாரு? இவள் பெஞ்சில் உட்காரவைத்து, வீட்டுப் பேச்சில், நிதானமாகச் சொன்னாள். கட்டி பயப்படுகிற கட்டி இல்லை. மாத்திரையில் கரைந்துவிடும்.

“இவ்வளவுதானா?” என்றது அந்த அம்மா. “நான் பிள்ளைகளுக்கு நகையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டுல்ல வந்தேன்!”

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து அங்கேயே உட்கார்ந்து தின்றது. ஒரு பொருக்கு விடாமல். இவளுக்கும் பிய்த்துக் கொடுத்தது.

இதையெல்லாம் குழுவில் எப்படி ஒப்பிப்பது? ஒன்பதாயிரத்துக்கு மேலே இதுவும் வரவு என்று சொல்வதா?



குருவம்மா பெருமூச்சு விட்டாள். ராக்கம்மாவின் மனுவை எடுத்தாள். தையல் மிஷின் வாங்க, என்று எழுதியிருந்தது.

“அப்போ இதை இந்த மாசம் ஒதுக்கி வைப்போம். என்ன ராக்கு? மனசுல ஒண்ணும் நினைச்சுக்காதே.”

“சரிக்கா,” என்றாள் ராக்கம்மா.

நட்டம் என்று சொன்னவளே கையை நீட்டி அந்த மனுவை வாங்கினாள். மடியில் வைத்து நீவினாள். குருவம்மா விரலிடுக்கிலிருந்த பேனாவையும் வாங்கினாள்.

ஜாமீன் போடுகிறவர்களுக்கு இரண்டு இடம் விட்டிருந்தது.

முதல் இடத்தில் தன் பெயரை எழுதினாள். அவசரப்படாமல்.

“ஏன்டி,” என்றாள் குருவம்மா, “நட்டம்னு இப்பத்தானே சொன்னே?”

“ஆமாக்கா.”

தாளைப் பாயின் நடுவில் வைத்தாள்.

மின்விசிறிக் காற்றில் தாள் ஒரு ஓரம் எழும்பி எழும்பி அடங்கியது. ராக்கம்மா அதைப் பிடிக்கக்கூடக் கை நீட்டவில்லை.

சங்கரேஸ்வரி தாளைப் பார்த்தாள். அப்புறம் இவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ கேலி வரப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

சங்கரேஸ்வரி வலது கையைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

“பேனாவை இங்கிட்டுத் தள்ளு மதினி.”